குமரி மாவட்டம்: மலை, கடல், பிழைப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம் பக்கம் என்று ஊரைச் சொன்னதும் வெளியூர் நண்பர்கள் "சூரியன் உதிக்கிறதும் மறையிறதும் ஒரே இடத்துல தெரியுமே, அந்த ஊர்தானே?" என்பார்கள். அந்தக் கன்னியாகுமரி இருக்கும் மாவட்டம்தான். ஆனால் உதயம் பார்த்துவிட்டு பஸ் ஏறுகிறவர்களின் கண்ணில் படுவது மாவட்டத்தின் ஒரு நுனி மட்டுமே. மிச்சத்தைப் பற்றி என்னிடம் பல வருடமாகக் கேட்கப்படுகிற கேள்விகளும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களும் கீழே.

மாவட்டம் எவ்வளவு பெரியது?

சின்னது. சுமார் 1,670 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் பேர், அதாவது சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். இதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காடு. அங்கே காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள் சில உண்டு. மற்றபடி ஆள் கிடையாது. அந்தப் பங்கைக் கழித்துப் பார்த்தால், மீதி இடத்தில் எவ்வளவு நெருக்கியடித்து வாழ்கிறோம் என்பது புரியும். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பது பஸ் கண்டக்டருக்குத்தான் தெரியும்.

வடக்கிலும் வடகிழக்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிப் பகுதி. நெல்லை எல்லையில் நிற்கும் மகேந்திரகிரி 1,654 மீட்டர். தெற்கிலும் தென்மேற்கிலும் 71.5 கிலோமீட்டர் கடற்கரை. அதில் பெரும்பகுதி அரபிக்கடல் பக்கம், கிழக்கே பார்த்தது கொஞ்சம்தான். பொற்றையடி பக்கத்து மருந்துவாழ் மலையில் ஏறி நின்றால், முதுகுக்குப் பின்னால் மலைத்தொடர், முன்னால் கடல், இரண்டுக்கும் நடுவே தென்னந்தோப்பும் குளமும் வீடுமாக மொத்தப் பிழைப்பும் தெரியும். கீழே வரப்போகும் பதில்கள் எல்லாமே அந்த நடுவில் கிடக்கும் குறுகிய இடத்தைப் பற்றியவைதான்.

தாமிரபரணி திருநெல்வேலியில்தானே ஓடுகிறது?

அது வேறு, இது வேறு. எங்கள் தாமிரபரணிக்குக் குழித்துறையாறு என்றும் பெயர். கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகிறது. பழையாறு மணக்குடியில் முடிகிறது, வள்ளியாறு கடியப்பட்டணத்தில். காவிரி மாதிரி நாள்கணக்கில் நடந்து வருகிற ஆறு இங்கே ஒன்றும் இல்லை. ராத்திரி மலையில் கொட்டினால் விடியும்போது குழித்துறைத் தடுப்பணை கலங்கல் தண்ணீரில் முங்கிக் கிடக்கும்.

பக்கத்து வள்ளியூர் வறண்டு கிடக்க, இங்கே மட்டும் ஏன் இவ்வளவு பச்சை?

எங்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. தென்மேற்கு மழை மலையில் முட்டி மேற்குப் பக்கம் இறங்கிவிடுகிறது. மலையின் மறுபக்கம் இருக்கும் வள்ளியூருக்கு மிஞ்சுவது காற்றுதான்.

மாவட்டத்துக்குள்ளேயும் இந்த வித்தியாசம் உண்டு. விளவங்கோடு, திருவட்டாறு, கல்குளம் பக்கம் நல்ல மழை. தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் கம்மி. குலசேகரத்தில் குடையோடு பஸ் ஏறி, ஆரல்வாய்மொழியில் வெயிலில் இறங்கலாம்.

ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலை எதற்கு?

அங்கே மலைத்தொடரில் ஒரு வாசல் இருக்கிறது, ஆரல்வாய்மொழிக் கணவாய். மே முதல் செப்டம்பர் வரை கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று அந்த வாசலில் நெருக்கப்பட்டு வேகம் பிடிக்கிறது. முப்பந்தலைச் சுற்றியுள்ள காற்றாலைத் தொகுப்பு, நிலத்தில் அமைந்தவற்றில் நாட்டிலேயே பெரியவற்றில் ஒன்று. ஏறத்தாழ 1,500 மெகாவாட். ஆடி மாதம் முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் முன்னால் வேட்டியோடு நின்று பாருங்கள், இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அணைகள் யார் கட்டியவை?

பேச்சிப்பாறை திருவிதாங்கூர் காலத்தது. மூலம் திருநாள் மகாராஜா ஆட்சியில், 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. கட்டிய பொறியாளர் மிஞ்சின் துரையை ஊர்க்காரர்கள் மூக்கன் துரை என்றார்கள். அவர் சமாதி அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெருஞ்சாணியும் சிற்றாறு அணைகளும் பிறகு வந்தவை. கோதையாற்றில் 60, 40 மெகாவாட்டில் இரண்டு மின்நிலையங்களும் உண்டு.

முழு நீர்மட்டம் பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி என்பது இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். மழைக்காலத்தில் பத்திரிகையைத் திறந்ததும் பலர் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டத்தைத்தான். கோதையாறு பாசனத் திட்டத்தின் ஆயக்கட்டு, அதாவது தண்ணீர் பாயும் நிலம், 79,000 ஏக்கர் என்பது கணக்கு. வழக்கமாக ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை தண்ணீர் விடுவார்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் காட்டாமல் யாரையும் நான் ஊருக்கு அனுப்புவதில்லை. பரளியாற்றுக்குக் குறுக்கே, இந்த மலையிலிருந்து அந்த மலைக்கு, 115 அடி உயரத்தில் 1,240 அடி நீளத்துக்குத் தூண் நிறுத்தி, மேலே தொட்டி கட்டி, வாய்க்காலையே தூக்கிக் கொண்டுபோயிருக்கிறார்கள். காமராஜர் காலத்துத் திட்டம்; 1966-ல் முடிந்தது. மேலே நடைபாதையில் போகும்போது ஒரு பக்கம் தலை சுற்றும் பள்ளம், மறுபக்கம் கையெட்டும் தூரத்தில் ஓசையில்லாமல் ஓடும் தண்ணீர்.

தண்ணீரில் ஒரு மனத்தாங்கலும் உண்டு. கேரளத்தின் நெய்யாறு இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கருக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. 2004-ல் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, கால்வாயில் புதர்தான் வளர்ந்தது.

நாஞ்சில் நாடு என்றால் நெல் என்பார்களே, வயலெல்லாம் எங்கே?

நாஞ்சில் என்றால் கலப்பை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள்தான் நாஞ்சில் நாடு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல், விளைந்த மண். இப்போது முதலில் வயல் வாழைத்தோட்டம் ஆகும். பிறகு தென்னை வரும். அப்புறம் ஒருநாள் மண் லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும், மனை விற்பனைப் பலகை முளைக்கும். நெல்லுக்குக் கிடைக்கும் விலையையும் ஒரு சென்ட் நிலத்துக்குக் கிடைக்கும் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விற்றவரைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. நான்குவழிச் சாலைக்காகக் குளங்களையும் நிரப்பியதில்தான் கோபம். குளம் ஒருவர் சொத்தல்ல.

மிச்சமிருக்கும் குளங்களில் சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் இரண்டும் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பறவைகளுக்காவது ஓரிடம் உறுதியானது.

ரப்பர் இங்கே எப்படி இவ்வளவு?

தமிழ்நாட்டு ரப்பர் என்றாலே நடைமுறையில் குமரி மாவட்ட ரப்பர்தான். மழை, சூடு, சரிவான செம்மண், மூன்றும் அமைந்த இடம். தனியார் தோட்டங்களும் வீட்டை ஒட்டிய அரை ஏக்கர், ஒரு ஏக்கர் துண்டுகளும் உண்டு. அரசு ரப்பர் கழகம் 1984-ல் தொடங்கியது. கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு, மணலோடைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்கள். அங்கே தேயிலைக் கொழுந்து பறித்த கை, இங்கே வந்து பால் வெட்டப் பழகியது.

வேலை இருட்டில் தொடங்குகிறது. தலையில் டார்ச், கையில் பால்வெட்டுக் கத்தி. மரத்தின் பட்டையில் சரிவாக ஏற்கெனவே இருக்கும் கோட்டில் ஒரு நூல் கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழம் போனால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் போனால் பால் வராது. வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் பால் நன்றாக ஓடும். அதனால்தான் அந்த விடியற்கால அவசரம். கோட்டின் வழியே இறங்கி, அடியில் கம்பி வளையத்தில் வைத்த சிரட்டையில் சொட்டும். காலையில் அதை வாளியில் சேர்த்து, தண்ணீரும் ஆசிடும் கலந்து டிஷ்ஷில் உறைய விட்டு, மறுநாள் மெஷினில் கொடுத்து ஷீட் அடித்து, வெயிலிலும் புகையிலும் உலர்த்துவார்கள். வெட்டுக்கோட்டிலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்தது ஒட்டுப்பால். அதற்குத் தனி விலை, தனி நாற்றம். எங்கள் பக்கம் பஸ்ஸில் அந்த நாற்றம் வந்தால் யாரும் மூக்கைப் பொத்த மாட்டார்கள். யார் வீட்டுச் சாக்கோ ஊருக்கு விற்பனைக்குப் போகிறது, அவ்வளவுதான்.

விலையைத் தீர்மானிப்பது நாங்கள் அல்ல. கோட்டயம் விலை என்ன என்று கேட்டுத்தான் இங்கே கடைக்காரர் எடை போடுவார். கோட்டயமோ உலகச் சந்தையைப் பார்க்கும். 2011-ல் கிலோ 240 ரூபாயைத் தொட்டபோது வீட்டுக்கு மாடி எடுத்தவர்கள் உண்டு. 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே போனபோது வெட்டுக்கூலி கட்டாமல் மரத்தைச் சும்மா விட்டவர்களும் உண்டு. சிலர் மாடி எடுத்த அதே ஆட்கள். 2024-ல் மறுபடி ஏறியது. ஆனால் அந்த வருடம் மழை விடாமல் பெய்ததில் வெட்ட முடிந்த நாள்கள் குறைவு.

மார்த்தாண்டம் தேன் எந்தப் பூவிலிருந்து?

பூவிலிருந்தே இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்க்கும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். ஒரு காம்பின் நுனியில் மூன்று இலைகள். மூன்றும் சேரும் முட்டில் கடுகளவுக்குச் சின்னச் சின்னச் சுரப்பிகள். தளிர் இளசாக இருக்கும் அந்தச் சில வாரம், அந்த முட்டில் ஒரு துளி இனிப்பு நீர் ஊறி நிற்கும். தேனீ குடிப்பது அதைத்தான். பள்ளிக்கூடம் போகும் வழியில் தாழ்ந்த கொப்பை இழுத்து நாங்களும் நக்கிப் பார்த்திருக்கிறோம். இனிக்கும், கொஞ்சம் பச்சை வாடை இருக்கும்.

ஆக ஜனவரி முதல் மார்ச் வரை தேன் பருவம். இலை முற்றினால் முடிந்தது. பிறகு மழைக்காலம் முழுக்கச் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தேனீக்களைக் காப்பாற்ற வேண்டும். இந்தத் தொழிலை இங்கே ஊன்றியது 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையம். மரப்பொந்திலும் பானையிலும் கூடு கட்டிய இந்தியத் தேனீயைப் பெட்டிக்குள் வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் வந்து பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காலி செய்தது. புழுக்கள் பைபோல் வீங்கிச் செத்தன. தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கித்தான் மறுபடி எழுந்தார்கள். இப்போது மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

வேறென்ன விளைகிறது?

வாழை. ஏத்தன், செவ்வாழை, ரசகதலி, பாளையங்கோட்டான், பேயன் என்று கடையில் தொங்கும் குலைகளை எண்ணி முடியாது. ஓணத்துக்கு முந்தின வாரம் ஏத்தன் விலை ஏறும். அதைக் கணக்கு வைத்தே கன்று நடுவார்கள். மட்டி தனி ரகம். விரல் நீளம், தோல் மெலிசு, மணம் தூக்கல். குழந்தைக்கு முதலில் ஊட்டுகிற பழம் அதுதான். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கிராம்பு: மாறாமலை போன்ற உயரமான எஸ்டேட்டுகளில். இந்தியக் கிராம்பில் பெரும்பங்கு இந்தச் சின்ன மாவட்டத்து மலையிலிருந்துதான் போகிறது என்றால் நாகர்கோவில்காரர்களே நம்புவதில்லை. தென்னைக்கு ஈத்தாமொழி நெட்டை, பூவுக்குத் தோவாளைச் சந்தை. மரச்சீனிக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா. அவித்த கிழங்கும் சாளை மீன்கறியும்தான் மலையும் கடலும் ஒரே தட்டில் சேரும் இடம்.

மீன்பிடித் தடைக்காலம் இங்கே எப்போது?

எந்தக் கரையில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிழக்குக் கடற்கரைத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. சின்னமுட்டம் படகுகளுக்கு அது. மேற்குக் கடற்கரைத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை; குளச்சல், தேங்காப்பட்டணத்துக்கு அது. ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர், இரண்டு தடைக்காலம்.

கடலுக்கடியிலும் நல்ல இடம் வாய்த்திருக்கிறது. முனைக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்ற பரந்த கடல்மேடு இருக்கிறது. ஆழம் குறைவு, மீன் செழிப்பு. 1976 இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி அது இந்தியாவின் உரிமைப் பகுதி. எண்ணெய், எரிவாயு தேட அந்தப் பக்கம் கண் வைக்கிறார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் கரையில் கூட்டம் கூடுவது அதனால்தான்.

மேற்குக் கோடியில் நீரோடி முதல் இரயுமன்துறை வரை எட்டு ஊர்கள், தூத்தூர் மண்டலம் என்பார்கள். ஆழ்கடல் ஆட்கள். நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில் முள் கட்டி, சுறாவும் சூரையும் பிடிக்க வாரக்கணக்கில் போவார்கள். மீனை இறக்குவது பெரும்பாலும் கொச்சியில். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தபோது எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான். பல வீடுகளில் உடல்கூடத் திரும்பவில்லை.

கடற்கரை மணல் ஏன் கறுப்பாக இருக்கிறது?

அது மலையின் பொடி. மலைப்பாறைகளில் உள்ள கனமான தாதுக்கள் மழையில் அரிபட்டு உதிர்ந்து, ஆற்றோடு வந்து, கடலில் சேர்கின்றன. தென்மேற்குப் பருவத்தின் அலை, லேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு கனமானதைக் கரையில் விட்டுவிடும். முறத்தில் புடைப்பது மாதிரிதான். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், கூடவே தோரியம் உள்ள மோனசைட்.

1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார் என்பது வரலாறு. அன்றைக்கு காஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. இப்போது அங்கே மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். (முன்பு இந்தியன் ரேர் எர்த்ஸ்) ஆலை நடக்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் மேலும் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் பெரிய எதிர்ப்பு எழுந்தது.

அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் வருகிறதா?

கரையில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். இதே வகை மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் நடந்த நீண்டகால ஆய்வின் முடிவு 2009-ல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அது காட்டவில்லை. மணலை எடுத்தால் கதிர்வீச்சு குறையும் என்பது ஆலைத் தரப்பு வாதம். என் கவலை வேறு. மணல்தான் கரைக்குக் கவசம். அலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஐம்பது அடிகூட இல்லாத ஊர்கள் இங்கே உண்டு. 2004 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பட்டதைப் பார்த்தவர்களுக்கு இது புத்தகக் கேள்வி அல்ல. சுனாமி வேண்டாம், காற்றே இல்லாத நாளில் திடீரென ஏறிவரும் கள்ளக்கடல் போதும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை அது.

அப்படியானால் கரையை எப்படிக் காக்கிறார்கள்?

கல் போட்டு. கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் கரையோரச் சுவர்களும் பாறாங்கல்லால் ஆனவை. அந்தக் கல் மலையிலிருந்து வருகிறது. ஒரு வளைவு போட்டால் அதன் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கத்து ஊரைக் கடல் தின்னும். அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்கும் வளைவு கேட்பார்கள். மறுபடி மலைக்கு லாரி போகும். தேங்காப்பட்டணம் துறைமுக முகப்பில் மணல் மேடிட்டுப் படகு கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன.

இது போதாதென்று கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்கும் வீடுகட்டும் வேலைகளுக்கும் இங்கிருந்து கல்லும் எம்-சாண்டும் போகின்றன. இரவில் களியக்காவிளை சாலையில் வரிசையாக நிற்கும் டாரஸ் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள்.

குளச்சல் பக்கம் பெரிய துறைமுகம் வரும் என்றார்களே?

2016-ல் இனயத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் வந்தது. மீனவர் எதிர்ப்பில் மணக்குடி–கோவளம் பக்கம் நகர்ந்தது, அங்கும் எதிர்ப்பு. பிறகு பேச்சு அடங்கியது. இடையில் விழிஞ்ஞம் 2025 மே மாதம் முறைப்படி திறந்தேவிட்டது.

தொழிற்சாலை என்று எதுவுமே இல்லையா?

முந்திரி ஆலைகள் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கொட்டையை உடைத்து, தோல் நீக்கித் தரம் பிரிக்கிறார்கள். வேலை செய்வது அநேகமாக எல்லாம் பெண்கள். கொட்டையின் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுக் கறுத்த விரலைப் பார்த்தே சொல்லிவிடலாம். புத்தளம் பக்கம் உப்பளம். சுற்றுலாவுக்கு 1970-ன் விவேகானந்தர் பாறை, 2000-ன் 133 அடி திருவள்ளுவர் சிலை, இரண்டையும் இணைக்கும் 2024-ன் கண்ணாடிப் பாலம்.

ஆனால் பெரிய தொழில், ஆளை வெளியே அனுப்புவது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91 சதவீதத்துக்கு மேல், மாநிலத்தில் முதலிடம். படித்தவர்களுக்கு உள்ளூரில் வேலை இல்லை. வளைகுடாப் பணத்தில் எழுந்த மூன்றுமாடி வீட்டில் வயதான அப்பாவும் அம்மாவும் மட்டும் இருப்பது இங்கே சர்வசாதாரணம்.

நீங்கள் ஏன் கேரளத்தில் சேரவில்லை?

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில்தான் இருந்தோம். நேசமணி முன்னின்ற போராட்டத்தால் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு இணைந்தன. ரப்பர் விலைக்குக் கோட்டயம், மீனுக்குக் கொச்சி, வாழைக்கு ஓணம். கோடு மாறியது, சந்தை மாறவில்லை.

எந்த மாதம் வந்தால் நல்லது?

பிப்ரவரி கடைசியில் வாருங்கள். மழை இருக்காது, ரப்பர் தளிர் விட்டிருக்கும். குலசேகரம் சாலையில் எந்தத் தோட்டத்தின் ஓரத்திலும் வண்டியை நிறுத்தி, தேனீப் பெட்டிக்கு நாலடி தள்ளி நின்று, ஒரு தாழ்ந்த கொப்பை இழுத்து அந்த மூன்று இலையும் சேரும் இடத்தைப் பாருங்கள். நக்கிப் பார்ப்பதானால் காலை பத்து மணிக்குள். அதற்குப் பிறகு தேனீ மிச்சம் வைக்காது.